வரத்துக்கால் வழியே வந்த மீன்

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் எதிலாவது இன்று மீன்பிடித் திருவிழா நடந்தால், ஊத்தாக் கூடைக்குள் முதலில் துள்ளுவது பெரும்பாலும் கங்கை மீனாகத்தான் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் என்று ஊர் முழுக்கச் சொல்லப்படும் இந்த மூன்றும் கங்கை, பிரம்மபுத்திரா போன்ற வடநாட்டு ஆறுகளின் கெண்டைகள். மழைக்கால வெள்ளத்தில் இனம் பெருக்கும் குலம். என் சிறுவயதில் எங்கள் ஊரில் இந்தப் பெயர்கள் யாருக்கும் தெரியாது. இன்று எங்கள் தெருப் பிள்ளைகளிடம் நாலு மீனின் பெயரைச் சொல்லச் சொன்னால் கட்லாவில்தான் தொடங்குகிறார்கள். அயிரை அவர்களுக்கு ஓட்டல் பலகையில் எழுதியிருக்கும் குழம்பு.

ஆற்று மீனைத் தேங்கிய தண்ணீரில் விடலாமா என்ற கேள்வியை மீன்வள அலுவலர்களும் ஆராய்ச்சியாளர்களும் நெடுங்காலமாகப் பேசி வருகிறார்கள். ஊர்க்கூட்டத்தில் யாரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கண்மாய் ஊருடையது. அதில் எந்த மீன் இருக்க வேண்டும், அது எந்த வழியாக வர வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பும் ஊருக்கு உண்டு. அதனால்தான் அன்றைய கண்மாயையும் இன்றைய கண்மாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

எழுபதுகளில் எங்கள் கண்மாய்க்கு யாரும் மீன் வாங்கி விட்டதில்லை. ஐப்பசியில் அடைமழை பிடித்து வைகையில் தண்ணீர் புரண்டதும் வரத்துக்கால் வழியாகச் செந்தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரோடு மீனும் வரும். கோடை முழுக்க ஆற்று மடுக்களில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்த கெண்டையும் கெளுத்தியும் ஆராலும் உளுவையும் வெள்ளத்தில் சிதறி, கால்வாய் போகும் இடமெல்லாம் போய்ச் சேரும். அயிரை மணலோடு உருண்டு வரும். வரத்துக்காலின் வாயில் முழங்கால் தண்ணீரில் நின்றால் பாதத்தின் அடியில் அது நெளிவது தெரியும்.

கண்மாய் நிறைந்து, உபரிநீர் வழியும் கலுங்கு பாயத் தொடங்கினால் எதிர்த்திசையில் இன்னொரு ஓட்டம் கிளம்பும். கீழே வயலிலும் ஓடையிலும் இருந்த மீன்கள் புதுத்தண்ணீரை மோப்பம் பிடித்து மேலே ஏறும். அதை நாங்கள் ஏத்துமீன் என்போம். கலுங்குக் கல்லின் சரிவில் தண்ணீர் விரல்கடை உயரத்துக்கு வழிந்துகொண்டிருக்கும். அதில் கெண்டை பக்கவாட்டில் படுத்து, வாலை அடித்து அடித்து, பாதி உடம்பு வெளியே தெரிய ஏறும். வழுக்கி விழும். மறுபடி ஏறும். சினையால் வயிறு புடைத்த கெளுத்தி அதன் பின்னால் காத்திருக்கும். பொடியன்கள் துண்டை விரித்துக் கொஞ்சம் அள்ளுவோம். அள்ளியது போக ஏறியதுதான் மிக அதிகம். அந்த ஏற்றம் முடிந்த சில நாளில் கண்மாயின் ஓரத்துக் கோரைப்புல்லுக்குள் ஊசிமுனை போல் குஞ்சுகள் திரியும்.

வந்த மீன் ஒரு பக்கம் என்றால், போகாமல் இருந்த மீன் இன்னொரு பக்கம். விராலும் குறவையும் தேளியும் பனையேறிக் கெண்டையும் தண்ணீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கக்கூடியவை. தண்ணீர் வற்றிச் சேறானாலும் ஈரத்துக்குள் புதைந்து நாளைக் கடத்தும். பனையேறிக் கெண்டை பனைமரத்தில் ஏறியதைத் தரங்கம்பாடியில் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதிய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. உலகம் அதை அதிசயமாகப் படித்தது. எங்கள் ஊரில், மழை பெய்த இரவில் அது செவுளை ஊன்றி வரப்பில் நடந்து போவதைப் பார்க்காத ஆள் இல்லை. கோடையில் காய்ந்து, மழையில் நிறையும் தண்ணீருக்கென்றே உடம்பு அமைந்த மீன்கள் இவை.

விரால் குஞ்சு பொரித்துவிட்டால் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். செக்கச்செவேலென்ற குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும்போது, தண்ணீரில் குங்குமத்தைக் கரைத்துவிட்டது போல அந்த இடம் மட்டும் சிவந்து தெரியும். அந்த நேரத்தில் அடியில் நிற்கும் பெரிய மீனைத் தூண்டிலில் இழுப்பது சுலபம். என் பெரியப்பா அதற்கு விடவே மாட்டார். “குஞ்சு மேயுறப்ப தாய் மேல கைவைக்காதப்பா. அதைத் தூக்கிட்டா மத்ததெல்லாம் அதுகளைத் தின்னு தீத்துரும். அப்புறம் அடுத்த வருசம் கம்மாயில என்ன இருக்கும்?” என்பார். அவர் படித்தவரில்லை. ஆனால் அடுத்த வருடத்துக்கான மீனை இந்த வருடமே கணக்கில் வைத்திருந்தார்.

விலாங்கு இன்னும் பெரிய கதை. அது வளர்வது ஆற்றிலும் கண்மாயிலும். முட்டையிடுவது ஆழ்கடலில். கண்ணாடித் துண்டு போன்ற குஞ்சு கடலோரத்துக்கு வந்து, கழிமுகத்தில் நுழைந்து, ஆறு, ஓடை, கால்வாய் என்று மேலேறி உள்ளூர்த் தண்ணீருக்கு வரும். வருடக்கணக்காக வளர்ந்து, பருவம் வந்ததும் ஏதோ ஒரு வெள்ளத்தில் கடலுக்குத் திரும்பும். வழி திறந்திருந்தால்தான் இத்தனையும் நடக்கும். எங்கள் கண்மாயில் விலாங்கு கிடைத்தது என்றால், கடல் வரைக்கும் ஏதோ ஒரு வழி திறந்திருந்தது என்று அர்த்தம்.

ஆற்று மீன், குளத்து மீன் என்று கறாராகப் பிரித்துப் பேசுவது எங்கள் சீமைக்குச் சரிப்படாது என்று நான் சொல்வது இதனால்தான். வைகையே கடலை அடையும் முன் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேர்கிற ஆறு. வழியெல்லாம் இரு கரையிலும் கால்வாய் பிரிந்து, கண்மாய் நிறைத்து, அந்தக் கண்மாயின் கலுங்குத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும்படி முன்னோர் கட்டினார்கள். ஓடுகிற தண்ணீரும் நிற்கிற தண்ணீரும் ஒரே அமைப்பின் இரண்டு நிலைகள். அதில் மீன் தன் காலமறிந்து வரும், போகும். தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் ஆற்றுக் கால்வாயோடு இணைந்த ஒவ்வொன்றிலும் ஒரு காலத்தில் ஆற்று மீன் இருந்தது. யாரும் வண்டியில் கொண்டுவந்து விட்டதனால் அல்ல.

பங்குனி, சித்திரையில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் கண்மாய் அழியும், அதாவது மீன்பிடித் திருவிழா நடக்கும். தண்டோரா போட்டுப் பக்கத்து ஊர்களுக்கும் சொல்வார்கள். மடைக் கருப்பருக்குக் கும்பிடு போட்டு, பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தா, கச்சா, வலை, வேட்டி என்று கையில் இருப்பதோடு சனம் முழுக்க இறங்கும். சாதி பார்த்துத் தண்ணீர்த்துறை பிரித்த ஊர்களில்கூட அந்த ஒரு காலைப் பொழுதில் எல்லாரும் ஒரே சேற்றில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பிடித்த மீனை விற்கக் கூடாது. சமைத்துத் தின்ன வேண்டும், சொந்தபந்தத்துக்குக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த வருடம் மழை பெய்யும் என்பது நம்பிக்கை.

அன்று மாலை எங்கள் வீட்டில் அயிரையை உயிரோடு தேங்காய்ப்பாலில் விடுவார்கள். பாலைக் குடித்து வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்கிவிடும். பிறகு மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு அலசி, அலசிய தண்ணீர் தெளியும் வரை மறுபடி அலசி, புளிக்குழம்பு கொதிக்கும்போது கடைசியாகப் போடுவார்கள். பெரிய விராலைப் பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். குறவையின் முள்ளைப் பார்த்துப் பார்த்துச் சின்னவர்களுக்கு ஊட்டுவது ஆத்தாவின் வேலை. அது இன்ன ருசி, இது இன்ன ருசி என்று எங்கள் நாக்குக்கு மீனைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தது அந்த ஒரு நாள் சமையல்தான்.

இந்தக் கண்மாய்க்குள் கங்கை வந்த கதையைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய மீன் குத்தகைக்காரர்களைக் குறைசொல்வது நியாயமாகாது.

கங்கைக் கெண்டைகள் உண்மையிலேயே அருமையான மீன்கள். கட்லா மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும். ரோகு நடுத்தண்ணீரில் மேயும். மிர்கால் அடிமண்ணைக் கிளறித் தின்னும். ஒன்றின் இரைக்கு ஒன்று அதிகம் போட்டியில்லாததால் மூன்றையும் ஒரே குளத்தில் விட்டு வளர்க்கலாம். நல்ல தீவனம் கிடைத்தால் ஒரு வருடத்தில் கட்லா ஒரு கிலோவைத் தொட்டுவிடும். ஒரே சிக்கல், இவை தேங்கிய தண்ணீரில் முட்டையிடுவதில்லை. சினை முற்றும். ஆனால் வெள்ளம் பாய்ந்து, கரையோரத் தாழ்நிலம் மூழ்கி, தண்ணீரின் ஓட்டம் உடம்பில் பட்டால்தான் முட்டையை வெளியே விடும். குளத்தில் அடைபட்டால் சினை உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். அதனால் முன்பெல்லாம் குஞ்சு வேண்டுமானால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் நுண்வலை கட்டி வடித்தெடுக்க வேண்டியிருந்தது.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குன்ஹியும் அதற்கு வழி கண்டார்கள். மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியை எடுத்து, அதன் சாற்றைத் தாய்மீனுக்கு ஊசியாகப் போட்டு, அடைபட்ட தண்ணீரிலேயே முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். இப்போது சுரப்பிச் சாற்றுக்குப் பதில் ஓவாப்ரிம் போன்ற மருந்துகள் கடையிலேயே கிடைக்கின்றன. வட்டச் சிமெண்டுத் தொட்டியில் தண்ணீரைச் சுழலவிட்டு ஆற்றோட்டத்தை உண்டாக்கிக் குஞ்சு பொரிக்கிறார்கள். மேட்டூர், பவானிசாகர், தஞ்சாவூர் கரந்தை என்று அரசு மீன்குஞ்சுப் பண்ணைகள் வந்தன, தனியார் பண்ணைகளும் பெருகின. நாட்டின் உள்நாட்டு மீன் விளைச்சல் கடல் மீனைத் தாண்டி வளர்ந்ததற்கு இந்தக் கண்டுபிடிப்பு பெரிய காரணம். கடலுக்குத் தொலைவில் இருக்கும் ஏழை வீட்டில் வாரம் ஒருநாள் மீன் மணக்கிறது என்றால் அந்த இருவருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஊசியின் வெற்றியோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்து வந்தது. எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும், நிரப்பப்பட வேண்டிய காலி இடமாகப் பார்க்கும் பழக்கம். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கத் திலேப்பியா, நாம் ஜிலேபி என்றும் சிலேபி என்றும் சொல்லும் மீன், இப்படித்தான் குளம் குளமாக விடப்பட்டது. முட்டையை வாய்க்குள் வைத்தே அடைகாத்து, தேங்கிய தண்ணீரில் ஒரே வருடத்தில் பலமுறை பெருகி, உள்ளூர்க் கெண்டையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று அதை எந்தக் கண்மாயிலிருந்தும் யாராலும் எடுத்துவிட முடியாது.

இப்போது எங்கள் கண்மாய்க்கு வருகிறேன்.

வரத்துக்கால் இருக்கிறது. கிராம வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் பாதி தூரம் சீமைக்கருவேல், மீதி தூரம் மண்மேடு. மணல் அள்ளி அள்ளி ஆற்றின் படுகை கீழே போய்விட்டதால், பெருவெள்ளம் வந்தாலொழியத் தலைமடைக்குத் தண்ணீர் எட்டுவதே இல்லை. மழைத் தண்ணீரை மட்டும் நம்பிக் கண்மாய் அரையும் குறையுமாக நிறைகிறது. ஆற்று மீன் வரும் வழி அடைபட்டது இப்படித்தான். கண்மாயில் மீன் குறைந்துவிட்டது என்று ஊர் சொன்னது. மீன்பாசி ஏலம், அதாவது மீன்பிடிக் குத்தகை, எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டார்.

அந்தக் காட்சியை நான் பல முறை பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் மினி வேன் கரைக்கு வரும். பாலித்தீன் பைகளில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். ஒவ்வொரு பையிலும் விரல் நீளக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில். பையை உடனே திறக்க மாட்டார்கள். கட்டோடு கண்மாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிடுவார்கள். பைக்குள்ளும் வெளியிலும் சூடு ஒன்றான பிறகு வாயை அவிழ்த்து, கண்மாய்த் தண்ணீரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவார்கள். குஞ்சுகள் முதலில் பையின் மூலையில் குவிந்து நிற்கும். பிறகு ஒன்று வெளியே தலை நீட்டும். அதன் பின்னால் அத்தனையும் வெள்ளிக் கோடாக வெளியேறும். அக்கறையாகச் செய்கிற வேலை. செய்கிறவர்களுக்கு மீன் மேல் பிரியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குத்தகைக்காரர் எனக்குத் தூரத்து உறவு, தம்பி முறை. அவரிடம் ஒருநாள் கரையில் உட்கார்ந்து இதைப் பேசினேன்.

“அண்ணே, நீங்க சொல்ற கெண்டையையும் குறவையையும் நம்பி எவன் ஏலத்துக்குப் பணம் கட்டுவான்? கட்லாவை விட்டா சீக்கிரமே எடை வந்துரும். வியாபாரி கரைக்கே வந்து எடுத்துக்கிறான். விரால் என்ன பண்ணும்? நான் விட்ட குஞ்சைத்தான் திங்கும்.”

“அதுக்காக விராலே இல்லாம ஆக்கணுமா தம்பி?”

“வேற வழி சொல்லுங்கண்ணே. தண்ணியே மூணு நாலு மாசந்தான் நிக்கிது. அதுக்குள்ள நான் போட்ட காசை எடுக்கணும்ல?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் அவர் செய்வதில் எதை ஏற்கலாம், எதை ஏற்க முடியாது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குஞ்சு விடுவதற்கு முன், கண்மாய் குட்டையாகச் சுருங்கியிருக்கும்போது, இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றுகிற பழக்கம் இருக்கிறது. அதிலுள்ள சப்போனின் மீனின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மீன் வளர்ப்புப் பாடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 250 மில்லிகிராம் என்று அளவே இருக்கிறது. சொந்த நிலத்தில் வெட்டிய பண்ணைக்குட்டைக்காக எழுதப்பட்ட பாடம் அது. ஊர்க் கண்மாயில் அதைச் செய்தால், சேற்றில் கோடையைக் கடத்திக்கொண்டிருக்கும் விராலும் ஆராலும் தேளியும் ஒரே பகலில் வயிறு மேலே தெரிய மிதக்கும். அடுத்த மழைக்குக் கண்மாயை நிரப்ப வேண்டிய விதை மீன் அது. வரத்துக்கால் திறந்திருந்த காலத்திலாவது ஆற்றிலிருந்து புதிய மீன் வந்து அந்த இழப்பை ஈடுகட்டியிருக்கும். இன்று செத்தது செத்ததுதான்.

இரண்டாவது, கலுங்கில் வலை கட்டுவது. காசு கொடுத்து வாங்கி விட்ட குஞ்சு வழிந்தோடிவிடக் கூடாது என்று நுண்வலையை இறுக்கிக் கட்டுகிறார்கள். உள்ளே இருப்பது போகாது என்பது சரி. வெளியிலிருந்து ஏறிவரும் ஏத்துமீனும் அந்த வலையில் முட்டி நிற்கிறது. சென்ற மழையில் அப்படி முட்டி நின்ற கெளுத்திகளைப் பார்த்தேன். மீசை வலைக்கண்ணில் சிக்கி, முள் விரிந்து, பின்வாங்கவும் முடியாமல் தொங்கின. கையால் ஒவ்வொன்றாக விடுவித்தபோது வயிற்றிலிருந்து சினை கசிந்தது. வலைக்குள்ளே கட்லா பத்திரமாக இருந்தது. அது எப்படியும் இந்தக் கண்மாயில் ஒரு முட்டைகூட இடப்போவதில்லை. இடக்கூடிய மீனைத்தான் நாங்கள் வாசலில் தடுத்து நிறுத்தியிருந்தோம்.

மூன்றாவது, மீனுக்காக மடையைத் திறந்துவிடுவது. மீனைச் சீக்கிரம் அரிக்க வேண்டும் என்று கடைசித் தண்ணீரையும் வடித்துவிடும் குத்தகைக்காரர்களோடு விவசாயிகள் சண்டை போடாத ஒன்றியம் எங்கள் பக்கத்தில் இல்லை. பயிருக்கும் நட்டம், மடுவில் தங்கும் மீனுக்கும் நட்டம், கோடையில் ஆடுமாட்டுக்கும் தண்ணீர் இல்லை.

கங்கை மீனைக் கொண்டுவருவது இவற்றையெல்லாம் கட்டாயமாக்கவில்லை. ஆனால் வருடாவருடம் வாங்கி விட்டு வருடாவருடம் அரித்தெடுக்கிற முறைக்கு இவை தோதாக இருக்கின்றன. இனம் பெருக்கத் தெரியாத மீனைக் கொண்டு கண்மாயை நடத்தும்போது, கண்மாய் அடுத்த வருடத்துக்காக எதையும் சேமிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூலவேரான ஆற்றின் நிலையையும் சொல்ல வேண்டும். 1934இல் மேட்டூர் அணை எழுந்தபோது ஓடிய காவிரி அந்த இடத்தில் தேங்குநீராயிற்று. கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீன் அதன் பிறகு அருகிப்போனது. நீர்த்தேக்கத்தில் கட்லா விடப்பட்டு நிலைபெற்றது, காவிரிக்கே உரிய கெண்டைகள் பின்னுக்குப் போயின. அதே காவிரியில்தான் கூனல் முதுகு மஹ்சீர் இருந்தது. 1946இல் மைசூர்ப் பக்கத்தில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 54 கிலோ எடை. அணைகளும் வெடிவைத்து மீன் பிடிப்பதும் அதைக் குறைத்துக்கொண்டே வந்தன. மஹ்சீரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், மகாராஷ்டிரத்து லோனாவாலாப் பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீரைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். அது பெருகியது. கூனல் மஹ்சீருக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்று உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டு அது மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலில் சேர்ந்தது. மோயாற்றில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஓர் ஆற்று மீனை இன்னோர் ஆற்றில் விடுவதற்கே இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்றால், கண்மாயில் விடுவதற்கு முன் யோசிப்பது பெரிய காரியமில்லை.

எல்லாத் தண்ணீருக்கும் ஒரே பதில் இல்லை. சொந்த நிலத்துப் பண்ணைக்குட்டையில் கட்லாவையும் ரோகுவையும் தாராளமாக வளர்க்கட்டும். எந்த ஓடையோடும் அதற்குத் தொடர்பில்லை, அது ஒருவரின் தொழில். பெரிய அணைகளின் நீர்த்தேக்கம் வேறு. அங்கே ஆற்று மீனின் வீட்டைத்தான் நாம் குளமாக்கியிருக்கிறோம். ஆகவே அந்தந்த ஆற்றுக்குரிய மீனைப் பொரித்து விடுவது நாம் பட்ட கடனை அடைப்பது. தென்னாட்டு ஆறுகளின் சேல்கெண்டையை ஊசி போட்டு முட்டையிட வைக்க முடியும் என்று நம் ஆராய்ச்சியாளர்களே செய்து காட்டியிருக்கிறார்கள். ரோகுவைவிட மெதுவாக வளரும் என்பது உண்மை. ஆனால் அது இந்த ஆறுகளின் மீன், வெள்ளத்தில் வழிந்து ஆற்றுக்குப் போனாலும் யாருக்கும் கேடில்லை. கல்பாசு மீனும் அப்படித்தான். நாட்டின மீன்களை ஆறுகளில் விடும் முயற்சிகள் இப்போது தொடங்கியிருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. கட்லாவுக்குக் கொடுத்த உழைப்பில் கால்வாசியைச் சேல்கெண்டைக்குக் கொடுத்தால் குஞ்சுப் பஞ்சம் இருக்காது.

ஊர்க் கண்மாய் மூன்றாவது வகை. அது ஊருக்கும் ஆற்றுக்கும் பொது. அங்கே வண்டியில் மீன் கொண்டுவருவதற்கு முன், மீன் தானாக வரும் வழியைத் திறக்க வேண்டும். வரத்துக்காலைத் தூர்வார ஆகும் செலவைத் தண்ணீர்ச் செலவாக மட்டும் பார்க்கிறோம். அயிரையும் கெளுத்தியும் விலாங்கும் குஞ்சுப் பண்ணையிலிருந்து பையில் கட்டி வருவதில்லை. அவை கால்வாயில்தான் வர வேண்டும். மதுரைச் சந்தையில் அயிரைக்கு இருக்கும் கிராக்கியைப் பார்த்தால் இதில் காசும் இருக்கிறது என்பது தம்பிக்கே புரியும். கட்லாவைவிடப் பல மடங்கு விலை கொடுத்து அதை வாங்குகிறார்கள்.

ஆகவே வரும் கிராமசபையில் நான் எழுதிக் கொடுக்கப்போகும் கோரிக்கை இதுதான். மீன்பாசி ஏலத்தை நிறுத்த வேண்டாம், அதன் நிபந்தனைகளை மாற்றுங்கள். கண்மாயில் எந்த நஞ்சும் கரைக்கக் கூடாது, இலுப்பைப் புண்ணாக்கு உட்பட. கலுங்கு பாயும் முதல் பத்து நாள் வலை கட்டக் கூடாது. மடையோர மடுவில் ஆள் முழங்கால் அளவுத் தண்ணீரையும் அதிலுள்ள மீனையும் விட்டுவைக்க வேண்டும். குஞ்சு விடுவதானால் பாதியாவது நம் ஆற்று மீனாக இருக்க வேண்டும், அதற்கான குஞ்சை அரசுப் பண்ணையில் கேட்டுப் பெற ஊராட்சி உதவ வேண்டும். இதனால் குத்தகைக்காரருக்கு வருமானம் குறையும் என்றால் ஏலத்தொகையை ஊர் குறைத்துக்கொள்ளட்டும். அந்தத் தொகை ஊருக்குப் பெரிய பணமில்லை. வரத்துக்காலுக்கு ஊரக வேலைத் திட்டத்தில் ஒரு பருவம் ஒதுக்கினால், முதல் இரண்டு கிலோமீட்டரையாவது இந்த ஐப்பசிக்கு முன் திறந்துவிடலாம். தம்பியிடம் இதைப் படித்துக் காட்டினேன். கலுங்கு வலையைப் பற்றி இன்னும் தயங்குகிறார். மற்றவற்றுக்குக் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்.